படத்தில் அண்ணன்மார் இருக்கிறார்கள்... தங்காள் எங்கே?

புது வீடு கட்டி, பெயின்ட் வாசனை போவதற்குள் எல்லா வீட்டிலும் வரும் கேள்வி ஒன்று உண்டு. "ஹால் சுவர் வெறிச்சுன்னு இருக்கே, என்ன மாட்டலாம்?"

முன்பெல்லாம் இதற்குப் பதில் சுலபம். குலசாமி படம், கல்யாண போட்டோ, தாத்தா பாட்டி போட்டோ, மளிகைக் கடை கொடுத்த காலண்டர். அவ்வளவுதான். இப்போது செல்போனை எடுத்து 'வின்டேஜ் வால் ஆர்ட்' என்று தேடுகிறார்கள். குதிரைமேல் கவசம் பூண்ட வீரன், ஆற்றங்கரையில் கூந்தலை விரித்துப் போட்ட பெண், புயலில் சாயும் கப்பல், காட்டுக்குள் வில்லோடு நிற்கும் ராபின்ஹூட் என்று கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. பிடித்ததை கேன்வாஸில் அச்சடித்து, சட்டம் போட்டு, கூரியரில் அனுப்பிவிடுகிறார்கள். பெருநகரங்களுக்கு மட்டுமல்ல, காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் அந்தப் பார்சல் வரும்.

இந்தப் படங்களில் பல, விக்டோரியா மகாராணி ஆட்சிக் காலத்தில், அதாவது 1837 முதல் 1901 வரை, இங்கிலாந்தில் வந்த புத்தகங்களிலிருந்து எடுத்தவை. 'பேலட்' எனப்படும் அந்த நாட்டுப் பழைய கதைப்பாடல்களுக்காக வரைந்தவை. படம் அழகாகத்தான் இருக்கிறது. அந்தப் பெண் ஏன் ஆற்றங்கரையில் நிற்கிறாள் என்று வீட்டில் குழந்தை கேட்டால்தான் பதில் கிடைக்காது.

வெள்ளகோவில் பக்கம் இந்தக் கேள்விக்குக் கூடுதல் காரணம் இருக்கிறது. தமிழின் மிகப் பெரிய கதைப்பாடல்களில் ஒன்றான அண்ணன்மார் கதை, பொன்னர் சங்கர் கதை என்று ஊரெல்லாம் அறிந்த கதை, இரவு இரவாக உடுக்கை அடித்துப் பாடப்பட்ட மண் இது. அந்தக் கதைக்கும் படங்கள் உண்டு. அவற்றில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று நின்று பார்ப்பவர்கள் குறைவு.

சுவரில் ஒட்டிய பாட்டு

இங்கிலாந்தில் கதைப்பாடல் சுவருக்கு வந்தது நேற்று இன்றல்ல. அச்சு இயந்திரம் பரவியதும், ஒற்றைத் தாளில் ஒரு பக்கம் மட்டும் பாட்டை அச்சடித்துத் தெருவில் கூவி விற்றார்கள். விலை ஒரு பென்னி, சில சமயம் அதற்கும் குறைவு. தாளின் தலையில் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட ஒரு படம் இருக்கும். எந்த மெட்டில் பாட வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும். ஒரே படக்கட்டையைப் பல பாட்டுக்கும் பயன்படுத்தினார்கள். இந்தப் பாட்டில் ஒரு ராஜாவாக இருந்தவர், அடுத்த பாட்டில் வேறு ராஜாவாகிவிடுவார்.

வாங்கியவர்கள் பாடி முடித்ததும் தாளைத் தூக்கிப் போடவில்லை. வீட்டுச் சுவரிலும் மதுக்கடைச் சுவரிலும் ஒட்டிவைத்தார்கள். தூண்டில் மீன்பிடிப்பு பற்றி ஐசக் வால்டன் 1653-ல் எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தில், சுத்தமான ஒரு கிராமத்து விடுதியை வர்ணிக்கும்போது, சுவரில் இருபது கதைப்பாடல் தாள்கள் ஒட்டியிருப்பதைச் சொல்கிறார். ஏழை வீட்டு வால் ஆர்ட் அதுதான்.

பிறகு அந்தப் பாட்டுகளைப் படித்தவர்கள் கவனிக்கத் தொடங்கினார்கள். தாமஸ் பெர்சி என்ற பாதிரியார் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தபோது, பழைய பாட்டுகள் எழுதிய கையெழுத்துப் பிரதி ஒன்று தரையில் கிடந்தது. வேலைக்காரப் பெண்கள் அடுப்பு மூட்ட அதிலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதைக் கேட்டு வாங்கிக் காப்பாற்றினார். அதை ஆதாரமாக வைத்து 1765-ல் அவர் வெளியிட்ட தொகுப்பு இங்கிலாந்து இலக்கியத்தின் போக்கையே மாற்றியது. சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாதையரின் கதையைப் படித்தவர்களுக்கு இந்த அடுப்புச் சங்கதி புதிதாகத் தெரியாது.

ஆனால் பெர்சி ஒரு வேலை செய்தார். பாட்டு கரடுமுரடாக இருந்த இடங்களைத் தம் கையால் திருத்தினார், விடுபட்ட இடங்களை நிரப்பினார். அதற்காக அவர் காலத்திலேயே திட்டும் வாங்கினார். பாட்டைப் பாடியவர்கள் பாடியபடியே தொகுக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட இன்னும் 100 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு 1882 முதல் 1898 வரை வெளியிட்ட தொகுப்பில் 305 கதைப்பாடல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கிடைத்த வெவ்வேறு வடிவங்களையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்.

இதற்கிடையே ஓவியர்கள் வந்தார்கள். எஸ்.சி.ஹால் 1842-ல் தொகுத்த 'பிரிட்டிஷ் பேலட்' புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் படம், கொடியும் கோட்டையுமாகக் கரை கட்டிய அலங்காரம். வரவேற்பறை மேஜையில் வைத்து விருந்தினருக்குக் காட்டும் புத்தகம் அது. தெருவில் பென்னிக்கு விற்ற பாட்டு இப்போது பரிசுப் புத்தகமாகிவிட்டது.

வழவழப்பான மரம், ஊசிமுனைக் கோடு

இந்தப் படங்கள் இன்றைக்கும் பெரிதாக அச்சிட்டால் ஏன் இவ்வளவு தெளிவாக இருக்கின்றன? காரணம் அவை உருவான விதம்.

பாக்ஸ்வுட் என்ற மிக இறுக்கமான மரத்தை, கிளையின் குறுக்குவாட்டில் வெட்டி வழவழப்பாகத் தேய்ப்பார்கள். அந்த மரம் பருமனாக வளராது என்பதால், பெரிய படத்துக்குப் பல சிறு கட்டைகளைப் போல்ட் போட்டு இணைப்பார்கள். ஓவியர் அதன்மேல் வரைவார். அடுத்து செதுக்குபவர், கோடு இருக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்றதை உளியால் எடுத்துவிடுவார். லண்டனில் டால்சியல் சகோதரர்கள் நடத்திய செதுக்குப் பட்டறை இதற்குப் பேர்போனது. படத்தில் ஓவியரின் பெயர் ஒரு மூலையிலும் செதுக்கியவர் பெயர் இன்னொரு மூலையிலும் இருப்பதைப் பார்க்கலாம்.

இதில் சாம்பல் நிறம் கிடையாது. கறுப்புக் கோடு அல்லது வெள்ளை. நிழல்கூட நெருக்கமான கோடுகளால்தான். அதனால் நான்கு மடங்கு பெரிதாக்கினாலும் படம் கலங்காது.

இதே மரக்கட்டைப் படம் தமிழிலும் உண்டு. பெரிய எழுத்து நல்லதங்காள் கதை, பெரிய எழுத்து தேசிங்குராஜன் கதை என்று திருவிழாக் கடைகளில் விற்ற புத்தகங்களை வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்காகக் கொட்டை எழுத்தில், நடுநடுவே கட்டைப் படத்தோடு வந்தவை. சென்னையில் பி.இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பகத்தார் அவற்றைத் தலைமுறை தலைமுறையாக அச்சடித்தார்கள். ரயில் விபத்து, கொலை வழக்கு, பஞ்சம் என்று அன்றாடச் செய்தியைப் பாட்டாக்கிக் காலணா, அரையணாவுக்கு விற்ற குஜிலிப் புத்தகங்களும் அதே ரகம்தான். ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி இவற்றைத் தேடி எடுத்து 'முச்சந்தி இலக்கியம்' என்ற நூலே எழுதியிருக்கிறார்.

ஆக, மலிவுத் தாளில் கதைப்பாட்டு, தலையில் கட்டைப் படம், தெருவில் விற்பனை. லண்டனிலும் இதுதான் நடந்தது, சென்னையிலும் இதுதான் நடந்தது. அங்கே அந்தப் படங்களைத் தேடி எடுத்துச் சட்டம் போட்டு உலகத்துக்கே விற்கிறார்கள். இங்கே பெரிய எழுத்துப் புத்தகம் பரணில் கரையான் தின்னக் கிடக்கிறது.

படத்தில் ஆறு, பாட்டில் கொலை

மறுபடி அந்த ஆற்றங்கரைப் பெண்ணுக்கு வருவோம். ஆறு வரும் ஆங்கிலக் கதைப்பாடல்களில் பெயர்பெற்ற ஒன்று இரண்டு சகோதரிகளின் கதை. சைல்டு தொகுப்பில் 10-வது பாட்டு. இருவருக்கும் ஒரே ஆண்மீது ஆசை. அவன் இளையவளை விரும்புகிறான். மூத்தவள் தங்கையை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போய்த் தண்ணீரில் தள்ளிவிடுகிறாள். உடல் ஆலைக் குட்டையில் ஒதுங்குகிறது. வழியில் வந்த ஒரு பாணன் அவள் நெஞ்செலும்பில் யாழ் செய்து, கூந்தலை நரம்பாகக் கட்டுகிறான். அரண்மனையில் அந்த யாழ் தானாகவே பாடி, அக்காளைக் காட்டிக்கொடுக்கிறது.

இதைச் சின்ன வயதில் கேட்ட பிள்ளை வாழ்நாளுக்கும் மறக்காது. பழைய பேலட்டுகளில் பலவும் இப்படித்தான். விஷம் வைத்த காதலி, கடலில் மூழ்கடிக்கப்பட்ட மாலுமிகள், கைவிடப்பட்ட தாய். அந்தக் காலத்துப் பெண்களும் வேலைக்காரர்களும் தங்கள் பயத்தையும் கோபத்தையும் பாட்டில்தான் இறக்கிவைத்தார்கள்.

ஆனால் படத்தில் ஒரே ஒரு தருணம்தான் அடங்கும். ஹால் சுவருக்கு எதை அச்சிட்டு விற்பார்கள்? நெஞ்செலும்பு யாழையா, ஆற்றங்கரையில் பூப்பறிக்கும் இளம்பெண்ணையா? கடைக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. பாட்டு தெரிந்தவருக்கு அந்தப் படம் அழகும் பயமும் சேர்ந்தது. பாட்டு தெரியாதவருக்கு அது சோபாவுக்குப் பொருத்தமான ஒரு படம்.

இதே விஷயம்தான் கொங்கு நாட்டுச் சுவரிலும் நடக்கிறது.

ஓலப்பாளையத்தில் 18 இரவுகள்

கண்ணபுரம் மாட்டுச்சந்தையைத் தெரியாதவர் இந்த வட்டாரத்தில் இல்லை. சித்திரையில் மாரியம்மன் தேரோடு சேர்ந்து காங்கேயம் காளைகள் வந்து குவியும் இடம். அதை ஒட்டிய ஓலப்பாளையத்துக்கு 1960-களின் நடுவில் பிரெண்டா பெக் என்ற இளம் பெண் வந்து தங்கினார். இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்காகக் கொங்கு நாட்டுச் சமூகத்தை ஆராய வந்தவர். பின்னாளில் கனடாவில் மானுடவியல் பேராசிரியர் ஆனார்.

1965-ல் அங்கே ராமசாமி என்ற பாடகரும் அவருடைய துணைப்பாடகர் பழனிசாமியும் உடுக்கையோடு உட்கார்ந்து அண்ணன்மார் கதையைப் பாடினார்கள். கதை முடிய 18 இரவுகள் ஆயின. பெக் அத்தனையையும் டேப்பில் பதிவு செய்தார். 1982-ல் இந்தக் கதையை ஆராய்ந்து ஒரு நூலும், 1992-ல் சென்னை ஆசியவியல் நிறுவனம் மூலம் தமிழும் ஆங்கிலமுமாக முழுக் கதையும் வெளியாயின. பிற்காலத்தில் அவரே முன்னின்று, ரவிச்சந்திரன் ஆறுமுகம் என்ற தமிழ் ஓவியர் வரைய, 26 பகுதிகள் கொண்ட அனிமேஷன் தொடராகவும் அதைக் கொண்டுவந்தார். வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் பாடிய பாட்டு, படமாகிக் கனடாப் பிள்ளைகள் வரை போய்ச் சேர்ந்தது.

இங்கேயும் கதை பல வடிவம் எடுத்தது. கவிஞர் சக்திக்கனல் பாடல் வடிவத்தைப் பதிப்பித்தார். கலைஞர் மு.கருணாநிதி 'பொன்னர் சங்கர்' நாவலாக எழுதினார். அது 2011-ல் திரைப்படமாகவும் வந்தது. மணப்பாறை பக்கம் வீரப்பூரில் மாசி மாதம் நடக்கும் வேடபரித் திருவிழாவுக்குக் கொங்கிலிருந்து இன்றும் கூட்டம் போகிறது.

இவ்வளவு இருந்தும், பொன்னர் சங்கர் படம் என்றால் கண்ணில் வருவது ஒரே காட்சி. இரண்டு குதிரைகள், இரண்டு மீசைக்கார வீரர்கள், உருவிய வாள்கள்.

சுவருக்கு வராதவர்கள்

18 இரவுகள் உட்கார்ந்து கேட்டவர்களிடம் கேட்டால் வேறு காட்சிகள்தான் சொல்வார்கள்.

முதலில் தாமரை. அண்ணன்மாரின் தாய். பிள்ளையில்லை என்று ஊர் பேசிய பேச்சைத் தாங்கியவள். வருஷக்கணக்கில் சிவனை நோக்கித் தவம் கிடந்தவள். அண்ணன்மார் பிறப்பதற்கு முன்னால் பல இரவுகள் அவள் கதையும் அவள் மாமனார், மாமியார் கதையும்தான் ஓடும். காட்டைத் திருத்திக் கழனியாக்கிய தலைமுறையின் பாடு அதில் இருக்கிறது. நிலம் எப்படி வந்தது, பங்காளிகள் எப்படிப் பறித்தார்கள் என்பதெல்லாம் அந்த இரவுகளில்தான்.

அடுத்தது தங்கை, அருக்காணி நல்லதங்காள். ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்த நல்லதங்காள் வேறு, இவள் வேறு. கிளி வேண்டும் என்று இவள் ஆசைப்பட்டதில்தான் வேட்டுவரோடு பகை முற்றுகிறது என்று பாடுவார்கள். வரப்போவதை முன்கூட்டியே அறியும் சக்தி அவளுக்கு உண்டு. 'போகாதீர்கள்' என்று தடுப்பாள், கேட்க மாட்டார்கள். விதி முடிந்தது என்று தெரிந்ததும் அண்ணன்மார் தங்கள் வாளிலேயே விழுந்து மாள்கிறார்கள். அதன்பின் கதை முழுக்க அவள் கையில். தனியாகக் காட்டுக்குள் அழுதுகொண்டே நடந்து, படுகளத்தைத் தேடிக் கண்டுபிடித்து, மாண்ட அண்ணன்மாரை எழுப்பிப் பேசவைக்கிறாள். கொஞ்ச நேரம்தான். பிறகு அவர்கள் நிரந்தரமாகப் போய்விடுகிறார்கள்.

கோயில்களில் படுகளம் நிகழும் இரவில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உடுக்கைச் சத்தம் ஏற ஏற, அருள் வந்தவர்கள் மாண்டவர்களைப் போலச் சாய்ந்து கிடப்பார்கள். தங்காள் வந்து தீர்த்தம் தெளித்து எழுப்பும் இடத்தில், வயதான பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அண்ணன் தம்பி உள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் அது சொந்தக் கதை. இந்த அழுகையை எந்தக் காலண்டரும் அச்சடித்ததில்லை.

மூன்றாவது சாம்புவன். அண்ணன்மாரோடு கூடவே நிற்கும் துணைவன். முரசு அறைபவன், முன்னால் ஓடிப் போய்ப் பார்த்து வருபவன், சாவிலும் கூடவே சாய்பவன். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவன் என்பது பாட்டிலேயே இருக்கிறது. கோயிலில் அவனுக்கும் இடம் உண்டு, பூசை உண்டு. படத்திலோ ஓரத்தில் சின்னதாக நிற்பான், அல்லது நிற்கவே மாட்டான்.

நான்காவது அந்தச் சின்ன நாய். கொம்பன் என்ற மலை போன்ற காட்டுப்பன்றியைப் பெரிய பெரிய வீரர்களே அடக்க முடியாமல் திணறும்போது, யாரும் மதிக்காத பொன்னாச்சி என்ற குட்டி நாய்தான் முதலில் பாய்ந்து கடித்துக் காரியத்தைத் தொடங்கிவைக்கும். ஊர்ப் பிள்ளைகள் கைதட்டிச் சிரிக்கும் இடம் இது. பிள்ளைகள் அறையில் மாட்ட இதைவிட நல்ல படம் எங்கே கிடைக்கும்?

கடைசியாக எதிர்ப்பக்கம். அந்தப் பக்கத்திலும் ஒரு தங்கை இருக்கிறாள். கிளியைப் பறிகொடுத்த வருத்தத்தில் தன் அண்ணன்மாரை ஏவிவிடுபவள் அவள்தான் என்று ஓலப்பாளையம் பாட்டு சொல்கிறது. பகைவனாக வரும் தலையூர்க் காளியைத் தங்கள் வீரனாகப் போற்றுபவர்களும் கொங்கில் உண்டு. கதையை அவர்கள் சொல்லும்போது நியாயம் இடம் மாறும். இரண்டையும் கேட்டவர்களுக்குத்தான் கதை முழுசாகக் கிடைக்கும்.

பாட்டில் இத்தனை பேருக்கும் இடம் இருந்தது, ஏனென்றால் அதற்கு 18 இரவுகள் இருந்தன. சுவரில் இருப்பது இரண்டடிக்கு மூன்றடி. அங்கே வாளும் மீசையும் மட்டும் மிஞ்சினால், அடுத்த தலைமுறைக்குக் கதையும் அவ்வளவுதான் என்று ஆகிவிடும். சண்டை போட்டவர்கள் நினைவிருக்கும். அழுதவளும், காட்டைத் திருத்தியவர்களும், கூடவே செத்தவனும் மறந்துபோவார்கள். சாதிப் பெருமைக்கு மட்டும் இந்தக் கதையை இழுப்பவர்களுக்கு அந்த இரண்டு குதிரைப் படம் போதும். வீட்டில் வளரும் பிள்ளைகளுக்குப் போதாது.

ஒரு கறுப்பு, ஒரு ஸ்கிரீன்

சரி, மாட்ட நினைப்பவர்கள் என்ன செய்யலாம்?

விக்டோரியா காலத்துப் படம்தான் பிடித்திருக்கிறது என்றால் தாராளமாக மாட்டலாம். காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியம்கூட இல்லை. லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகம் பழைய புத்தகங்களிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை 2013-ல் இணையத்தில் இலவசமாகவே விட்டது. இந்தியச் சட்டப்படி, ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் கடந்தால் படத்துக்குக் காப்புரிமை இல்லை. விக்டோரியா காலத்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கணக்கைத் தாண்டியவர்கள். ஆனால் இன்று வாழும் ஓவியரின் படத்தை இணையத்திலிருந்து எடுத்து அச்சடிப்பது திருட்டு. பொன்னர் சங்கர் அனிமேஷன் படங்களுக்கும் இது பொருந்தும். கேட்டு வாங்க வேண்டும்.

அளவு முக்கியம். ஏ3 தாளில் 300 டிபிஐ தரத்தில் அச்சிட, படம் 3508-க்கு 4961 பிக்ஸல் இருக்க வேண்டும். இரண்டடிக்கு மூன்றடி என்றால், தள்ளி நின்று பார்ப்பதால் 150 டிபிஐ போதும், அதற்கு 3600-க்கு 5400 பிக்ஸல். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அப்படியே கடைக்கு எடுத்துப்போனால் பெரிதாக்கும்போது கட்டம் கட்டமாகத் தெரியும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும்.

துணியில் அச்சிடுவதற்கு இந்த வட்டாரத்தைவிட வசதியான இடம் ஏது? வெள்ளகோவில் விசைத்தறியில் ஓடும் காடாத் துணியின் வெளிர்மஞ்சள் நிறமே பழைய தாள் போலத்தான் இருக்கும். ஸ்கிரீன் பிரின்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன் வேண்டும். கோட்டோவியம் என்றால் கறுப்பு ஒன்றுதான். ஒரு ஸ்கிரீனில் வேலை முடிந்தது. அச்சடிக்கும் முன் துணியின் கஞ்சி போக அலசிக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் மை பிடிக்காது. மலிவு என்று சப்ளிமேஷன் பக்கம் போக வேண்டாம். அது பாலியஸ்டரில்தான் நிற்கும், காட்டனில் ஒரு சலவையில் வெளிறிவிடும். நேர் வெயில் படும் சுவரும், ஐப்பசி மழையில் ஓதம் ஏறும் சுவரும் எந்தப் படத்துக்கும் ஆகாது.

இவ்வளவு வசதி இருக்கும் ஊரில், தங்காள் படுகளத்தில் நிற்கும் காட்சியையோ, சாம்புவன் முரசு அறையும் காட்சியையோ, குட்டி நாய் கொம்பன்மேல் பாயும் காட்சியையோ ஓர் உள்ளூர் ஓவியரிடம் சொல்லி, கறுப்புக் கோட்டில் வரைந்து வாங்குவது பெரிய செலவில்லை. பள்ளிக்கூடத்து ஓவிய ஆசிரியரே போதும். வீட்டில் நன்றாக வரையும் பிள்ளை இருந்தால் இன்னும் நல்லது. வரைவதற்காகவாவது கதையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்.

கதை சொல்ல ஆள் இருக்கும்போதே

படத்தைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. விடிய விடிய உட்கார்ந்து உடுக்கை அடித்துப் பாடுபவர்களில் பலர் வயதானவர்கள். இரவு முழுக்கக் கேட்கவும் ஆள் குறைந்துவிட்டது. காலை ஷிப்டுக்குப் பனியன் கம்பெனி பஸ் ஆறு மணிக்கே வந்து நிற்கும்போது, 18 இரவுகள் யாரால் விழிக்க முடியும்? அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் 1965-ல் பெக் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு செய்த வேலையை, இன்று எல்லார் சட்டைப்பையிலும் இருக்கும் செல்போன் செய்யும். பாட்டி, அப்பச்சி, ஊர்க்கோயில் பூசாரி, பக்கத்து ஊர் உடுக்கைப் பாடகர் என்று யாருக்குக் கதை தெரியுமோ அவரிடம் அனுமதி கேட்டு, ஒரு காட்சியை மட்டும் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யலாம். பாடகர் என்றால் உரிய சன்மானம் கொடுத்துவிட வேண்டும். அவருக்கு அது தொழில். தேதி, ஊர், சொன்னவர் பெயர் மூன்றையும் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பிற்காலத்தில் குழப்பம் வராது. இன்னொருவர் வேறு மாதிரிச் சொன்னால் திருத்தாமல் அதையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். பெர்சி திருத்தினார், சைல்டு திருத்தாமல் எல்லா வடிவத்தையும் சேர்த்தார். இன்று ஆய்வாளர்கள் நம்பி எடுப்பது சைல்டு தொகுப்பைத்தான்.

அந்தப் பதிவைக் குடும்பத்தில் எல்லாரும் திறக்கக்கூடிய ஓர் இடத்தில் ஏற்றி, அதன் கியூஆர் குறியைப் படச் சட்டத்தின் கீழ் மூலையில் ஒட்டிவைக்கலாம். வீட்டுக்கு வரும் பிள்ளை, "இந்தப் பொண்ணு ஏன் அழுவுது?" என்று கேட்கும்போது, பதில் சொல்ல வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் பாட்டியின் குரல் இருக்கும்.

வருகிற மாசியில் ஊர்க்கோயிலில் படுகளம் என்றால், ஒரே ஒரு இரவாவது பிள்ளைகளை அழைத்துப் போகலாம். தூக்கம் வந்தால் மடியில் தூங்கட்டும். தங்காள் வரும் நேரத்துக்கு மட்டும் எழுப்பிவிட்டால் போதும்.